ஈயத்தாள் சட்டை

மகனே,

உன் சுகத்தை விசாரித்து இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. ஏழு வருஷமாக அம்மாவுக்கு எழுதும் கடிதத்தின் ஓரத்தில் "அப்பாவையும் கேட்டதாகச் சொல்லவும்" என்று ஒரு வரி எழுதுகிறாய். அவள் பதில் எழுத உட்காரும்போது நானும் "நல்லா இருக்கேன்னு போடு" என்கிறேன். இப்படியே காலத்தை ஓட்டிவிட்டோம். இப்போது உனக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். பெண்ணின் அப்பா, பட்டிப்பொல ரயில் ஸ்டேஷனில் வேலை பார்க்கிறவர், போன கிழமை நம் லயத்துக்கு வந்தார். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவது முறைதானே. அம்மா தேத்தண்ணி கொடுத்தாள். அவர் பாதி குடித்துவிட்டு, கிளாசைக் கீழே வைத்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டார்: "தப்பா நெனைக்காதீங்க. ராகலையில பஸ் ஏறுறப்ப ஒருத்தர் சொன்னாரு, பையன் தேயிலை ஸ்டோர்ல களவெடுத்துத்தான் தோட்டத்துல பேர் வெட்டுனாங்கன்னு. நெசமாங்க?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அறியாத வயசுங்க. அப்ப ஏதோ புத்திகெட்டுச் செஞ்சுட்டான். இப்ப நல்லாத் திருந்திட்டான்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. தும்மல் வருகிற மாதிரி வந்துவிட்டது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார். மிச்சத் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. உன் அம்மா அந்தக் கிளாசை எடுத்துக்கொண்டு போய் முற்றத்தில் கொட்டினாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. அந்தப் பெண் உனக்குக் கிடைக்காமல் போனால் அதற்கு நான்தான் காரணம். அதனால்தான் எழுதுகிறேன். நீ திருடவில்லை என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியவேண்டிய நேரம் எப்போதோ வந்து, காத்திருந்து அலுத்துப் போய்விட்டது.

உனக்கு அந்த டிஸ்கோப் பைத்தியம் பிடித்த வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சீசனுக்கு நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவப் போனாய். கொழும்புப் பணக்காரர்கள் குளிர் வாங்க வந்து இறங்கும் மாதம் அது. போகும்போது காக்கிக் காற்சட்டையோடு போனவன், வரும்போது கால் பக்கம் பாவாடை மாதிரி விரிந்த பெல்பொட்டமும் காதை மூடிய தலைமயிருமாக வந்து இறங்கினாய். கையில் ஒரு பாட்டுக் கெசட். அங்கே பாண்டு வாத்தியத்தில் டிரம் அடித்த பறங்கிக்காரர் கொடுத்தது என்றாய். நம் வீட்டில் அதைப் போட ஒன்றும் கிடையாது. பக்கத்து வீட்டுக் காம்பிராவில், குவைத்துக்குப் போன மகள் அனுப்பிய ரேடியோ கெசட் பெட்டி இருந்தது. அங்கே போய்ப் போட்டாய். லயத்துச் சுவர் என்ன சுவர்? ஒரு வீட்டில் இருமினால் பத்தாவது வீட்டில் கேட்கும். அந்த வாரம் பத்து வீடும் டிஸ்கோதான் கேட்டது.

அந்தப் பாட்டில் ஒரு வார்த்தை உனக்கும் விளங்காது, எனக்கும் விளங்காது. ஆனால் அடிநாதமாக ஓடிய அந்தத் தாள அடி இருக்கிறதே, டும் டும் டும் டும் என்று ஒரே சீராக, நிற்காமல், ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோலர் ஓடுவது மாதிரி! கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பெண்கள் அப்படியே நின்று கேட்டார்கள். நாள் முழுக்க மலை ஏறி இறங்கி, அட்டைக்கடி வாங்கி, கங்காணியிடம் ஏச்சும் வாங்கி வந்தவர்கள். அவர்களுக்குக் கதை சொல்லும் பாட்டு வேண்டியிருக்கவில்லை. உடம்பை ஒரு பத்து நிமிஷம் தங்களுக்கே திருப்பிக் கொடுக்கிற ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. "என்னா கருமம்டா இது, சும்மா நிக்கவே விடமாட்டேங்குதே" என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லிச் சிரித்தாளே, அதைவிடச் சரியாக எவனும் சொல்லிவிட முடியாது.

நான் சிரிக்கவில்லை. ஏன் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. என் அப்பா இந்தத் தோட்டத்தில் தப்படித்தவர். விடியலில் ஆட்களை எழுப்பி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிட அவர் தப்பு, சாவுக்கு அவர் தப்பு, காமன் கூத்துக்கு அவர் தப்பு. அவர் அடித்தால் முழுத் தோட்டமும் ஆடும். ஆடி முடித்ததும் அவருக்கு மட்டும் சிரட்டையில் தேத்தண்ணி, அதுவும் வாசலுக்கு வெளியே. பத்து வயதில் அதைப் பார்த்த நான், இந்தத் தோலை இந்தக் கையால் தொடமாட்டேன் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். கெஞ்சிக் கூத்தாடி ஸ்டோரில் தேயிலைப் பெட்டி அடிக்கும் காம்பிராவுக்குள் புகுந்தேன். முப்பது வருஷம் தலையைக் குனிந்து நின்றதில், நம் ஆட்கள் இருக்கும் லயத்திலிருந்து கோயில் கமிட்டிக்கு எடுத்த முதல் ஆள் நான்தான். அந்தக் கமிட்டியில் என் பெயரைச் சேர்த்து மூன்று மாதம்கூட ஆகாத நேரத்தில், என் சொந்த மகன் என் அப்பனின் அடிக்கு ஆடிக்கொண்டு வந்து நிற்கிறான். அது அமெரிக்காவிலிருந்து வந்தது என்று நீ சொன்னாய். எனக்கு அது வாசலுக்கு வெளியே இருந்து வந்த மாதிரித்தான் கேட்டது.

ஒருநாள் பின்னேரம், தண்ணீர் கொட்டும் பீலியடியில் நான் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்து அந்தப் பறங்கிக்காரர் சொன்ன கதையைச் சொன்னாய். "அப்பா, இந்தப் பாட்ட உண்டாக்குனவங்க யாரு தெரியுமா? கறுப்பு ஆளுங்க. அவுங்க பாட்டன் பூட்டன எல்லாம் கப்பல்ல கொண்டாந்து பருத்தித் தோட்டத்துல வச்சாங்களாம். நம்மள மாதிரிதாம்ப்பா" என்றாய். வேறெங்கும் உள்ளே விடாத ஆட்கள், ஆணோடு ஆண் பழகுகிறவர்கள் என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்கள், இவர்களெல்லாம் சின்னச் சின்ன இடங்களில் கூடி ஆடிய ஆட்டமாம். பிறகு பணக்காரர்களும் வந்து ஆடினார்களாம், படக்காரர்கள் எடுத்துக்கொண்டார்களாம். கடைசியில் ஒருநாள் வெள்ளைக்காரப் பையன்கள் ஒரு விளையாட்டு மைதானத்தில் அந்த இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துச் சிதறடித்தார்களாம். "பாட்டு புடிக்கலைன்னா கேக்காம இருக்கலாமில்ல? ஏம்ப்பா கொளுத்தணும்?" என்று கேட்டாய். பத்தொன்பது வயதில் நீ கேட்ட கேள்விக்கு எனக்கு ஐம்பத்தைந்து வயதில் பதில் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் "ஒனக்கு வேற வேலை இல்ல?" என்று எழுந்து போய்விட்டேன்.

ஆனால் நான் முழுக்கக் கல்லும் இல்லை. லயத்துக்குப் பின்னால் போஞ்சிப் பாத்தியடியில் நீயும் உன் கூட்டாளிகள் மூன்று பேரும் பழகிக்கொண்டிருந்ததை மறைவில் நின்று பார்த்திருக்கிறேன். என் கால் தானாகத் தட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், தட்டியது. தேர்த் திருவிழாவுக்கு ஆடப் போகிறோம், மினுங்குகிற சட்டை வேண்டும், ஹோட்டலில் பாண்டுக்காரர்கள் போட்டிருந்த மாதிரி, என்று நீ அம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தாய். அடுத்த நாள் நான் சாப்பாட்டுப் பையில் ஒரு சுருள் கொண்டுவந்து உன் பாயில் வைத்தேன். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாள். நல்ல தாள் இல்லை, ஓரம் வெட்டி எறிகிற துண்டுகள். கூட்டிக் குப்பையில் போடுவதைத்தான் எடுத்து வந்தேன். தோட்டத்தில் எந்த வீட்டில் அது இல்லை? சாமிப் படத்துக்குச் சட்டம், கல்யாணப் பந்தலுக்குப் பூ, பிள்ளைக்குக் கிரீடம், எல்லாம் அதுதான். கோயில் தலைவர் வீட்டு முருகன் படத்தைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு அதே தாள் மினுங்கும். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். உன் வாழ்க்கையில் நீ என்னை அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அம்மா இரண்டு நாள் உட்கார்ந்து பழைய சட்டைகளில் வைத்துத் தைத்தாள்.

திருவிழா அன்று தேர் நிலைக்குத் திரும்பிய பின்னேரம். மூடுபனி விலகி வெயில் சரிந்து அடித்தது. கோயில் முன்னால் போட்ட மேடையில் பிள்ளைகளின் பாட்டு, பேச்சு எல்லாம் முடிந்து நீங்கள் நான்கு பேரும் ஏறினீர்கள். குழாய் ஸ்பீக்கரில் அந்த அடி எழும்பியது. வெயில் உன் சட்டையில் பட்டுத் தெறித்து, கூட்டத்தின் முகத்தில் எல்லாம் ஓடியது. பிள்ளைகள் கத்தினார்கள். கிழவிகள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள். நீ கையை மேலே நீட்டி, இடுப்பை வெட்டி, ஒரு சுற்றுச் சுற்றி நின்றாய். மகனே, நீ நன்றாக ஆடினாய். இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். முன்வரிசையில் கமிட்டியோடு கமிட்டியாக உட்கார்ந்திருந்த நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருந்தேன், தவறிப்போய்த் தட்டிவிடக் கூடாதே என்று.

தலைவர் எழுந்தார். பெரிய கங்காணி பரம்பரை, தோட்டத் தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், அவர் எழுந்தால் பாட்டு நிற்கும். நின்றது. "சாமி சன்னதியில என்னாங்கடா இது காப்பிரி ஆட்டம்?" என்றார். நீ சொன்ன அந்தக் கறுப்பு ஆட்களைத்தான் காப்பிரி என்று ஏசினார். என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கமிட்டியில ஒக்கார வச்சா மட்டும் போதுமா? தப்படிக்கிற வீட்டுப் புத்தி வேற எங்க போகும்!" என்றார். அந்த நேரம் எனக்குப் புரிந்துவிட்டது. ஆட்டம் பிடிக்காதவர் இல்லை அவர். போன வருஷம் அவர் மருமகன் டவுனிலிருந்து வந்து இதே மேடையில் சினிமா டிஸ்கோ ஆடியபோது முதல் கைதட்டு அவருடையது. உன் பீலியடிக் கேள்விக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் இதுதான். ஆடுகிறவனைத்தான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அதற்குள் ஒருவன் உன் சட்டையைப் பிடித்து இழுத்து, "தலைவரே, இது ஸ்டோர் ஈயத்தாளுங்க!" என்று கத்தினான். அவருக்கு வேறென்ன வேண்டும்?

அடுத்த நாள் காலை ஸ்டோர் ஆபீஸ் விறாந்தையில் விசாரணை. ஸ்டோருக்குப் பொறுப்பான டீ மேக்கர் ஐயாவின் மேசை மேல் அந்த நான்கு சட்டையும் கிடந்தன. தலைவர் ஒரு பக்கம், நீ நடுவில், நான் இந்தப் பக்கம். டீ மேக்கர் கெட்ட மனுஷன் இல்லை. என்னைப் பார்த்து அரைச் சிரிப்போடுதான் கேட்டார்: "என்னா பெரியவரே, கழிச்ச துண்டுதானே இது? நீங்கதான் குடுத்தீங்களோ?" ஆமாங்க ஐயா என்று சொல்லியிருந்தால் ஒரு ஏச்சு. மிஞ்சிப்போனால் இரண்டு நாள் வேலை தரமாட்டார்கள். அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார், நான் நுழையவில்லை. தலைவரின் முகத்தைப் பார்த்தேன். கமிட்டி போய்விடும் என்று நினைத்தேன். "எனக்குத் தெரியாதுங்க ஐயா. சாப்பாடு கொண்டாந்து குடுக்க வர்றப்ப இவன் எடுத்திருப்பான்" என்றேன்.

டீ மேக்கர் முகத்திலிருந்த சிரிப்புப் போய்விட்டது. உன்னிடம் "நெசமாடா?" என்றார். நீ என்னைப் பார்க்கவே இல்லை. சட்டையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க ஐயா. நான்தான் எடுத்தேன்" என்றாய். அப்பனைப் பொய்யனாக்க மனசு வரவில்லை உனக்கு. எனக்கு மகனைத் திருடனாக்க மனசு வந்தது. தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து உன் பேரை வெட்டினார்கள். சங்கத்தில் போய்ச் சொல்ல வழியில்லை, சங்கமே அங்கே தலைவராக நின்றது. சட்டைகளைக் கோயிலடியில் போட்டுக் கொளுத்தச் சொன்னார் தலைவர். நெருப்புக்குச்சியை என் கையில் கொடுத்தார். நான் கொளுத்தினேன். அம்மா தைத்த துணி எரிந்தது, தாள் எரியவில்லை, கறுத்துச் சுருண்டு கிடந்தது. அன்று மத்தியானம் நீ கொழும்புக்கு பஸ் ஏறினாய்.

இவ்வளவும் செய்து நான் என்ன கண்டேன் என்று கேள். அடுத்த வருஷம் கமிட்டிக் கூட்டத்தில், "களவாணிப் பயலப் பெத்தவனுக்குச் சாமி காரியத்துல என்னா எடம்?" என்று என்னைத் தூக்கிவிட்டார்கள்! நான் சொன்ன பொய்யை வைத்தே என்னைத் துரத்தினார்கள். வாயைத் திறந்து மறுக்கவும் முடியவில்லை. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். அதற்கு அடுத்து எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பு எரிந்தபோது மூன்று கிழமை உன்னிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. உன் அம்மா அழவில்லை. வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை, "நீங்கதான் அனுப்பி வச்சீங்க" என்றாள். உன் தபால் வந்த அன்று நான் ஸ்டோருக்குப் பின்னால் போய், விறகுக் குவியலுக்கு மறைவில் நின்று வாய்விட்டு அழுதேன். அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. உயிரோடு இருக்கிறான், அது போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாளாக ஆக அந்தப் பொய் வீட்டுச் சாமான் மாதிரி ஆகிவிட்டது. அதன் மேல் இடிக்காமல் நடக்கப் பழகிவிட்டேன்.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்கு அப்பன் புத்திமதி சொல்ல வேண்டுமாம். எனக்கு ஏது யோக்கியதை? இருந்தாலும் ஒன்றே ஒன்று சொல்கிறேன், கேட்டால் கேள், விட்டால் விடு. நாளைக்கு உன் பிள்ளை உனக்கு விளங்காத ஒரு பாட்டைத் தூக்கிக்கொண்டு வரும். உனக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சல் பாட்டின் மேலா, இல்லை பக்கத்தில் நின்று பார்க்கிறவன் என்ன நினைப்பானோ என்கிற பயத்தினாலா என்று ஒரு நிமிஷம் யோசி. எனக்கு அந்த ஒரு நிமிஷம் இருந்தது. டீ மேக்கர் கொடுத்தார்.

நேற்று நான் பட்டிப்பொலைக்குப் போனேன். நானுஓயாவில் ரயில் ஏறினேன். அந்தக் குளிரில் ஸ்டேஷன் பெஞ்சில் பெண்ணின் அப்பாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஈயத்தாள், டீ மேக்கர், நெருப்புக்குச்சி, போன கிழமை சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. இந்தக் கடிதத்தில் உள்ளதில் பட்டிப்பொல சமாச்சாரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் இன்னொரு தாளில் எழுதிப் பெரட்டுக்களத்துப் பலகையில் ஒட்டவும் போகிறேன். கிழிப்பார்கள். திரும்ப எழுதி ஒட்டுவேன். எனக்கு இனி என்ன கமிட்டியா போய்விடும்?

அவர் கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "மாப்பிள்ளை மேல எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. கல்யாணம் நடக்கும். கவலைப்படாதீங்க" என்றார். எனக்கு மூச்சு வந்தது. "ஆனா ஒண்ணு. நீங்க பந்தலுக்கு வரவேணாம். பெத்த புள்ளைய ரெண்டு தடவ காட்டிக் குடுத்தவர, நான் எப்புடிங்க எம்பொண்ணுக்கு மாமனாருன்னு காட்டி நிப்பாட்டுறது?" என்றார். "சரிங்க" என்றேன். உன் அம்மா வருவாள். பக்கத்து வீட்டுக்காரியைத் துணைக்குக் கூட்டிவருவாள். நீ என்னை வரச்சொல்லி அவரோடு வழக்குப் போடாதே. அவர் செய்தது சரி. என்னை நம்பமுடியாது என்று முதன்முதலாக ஒரு மனுஷன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார், அந்த வீட்டில் பெண் எடுக்கலாம்.

ரயில் வருகிற சத்தம் கேட்டு நான் எழுந்தேன். அவரும் கூடவே வந்தார். அவர் முகத்தில் ஏதோ குழப்பம். "ஒண்ணு கேக்கலாங்களா?" என்றார். "மாப்பிள்ளை ஆடுவாருன்னா சொல்றீங்க? நெசமாவா? நாங்க கொழும்புல அவரு ரூமுக்குப் போயிருந்தப்ப, பக்கத்துக் கடையில பாட்டுப் போட்டாங்க. எழும்பிப்போயி ஜன்னலச் சாத்திட்டு வந்தாரு. எம்மகளுக்குப் பாட்டுன்னா உசிரு. அவருக்குப் பாட்டே ஆகாது போலன்னு அவளும் வீட்டுல ரேடியோவ நிப்பாட்டிட்டா, இப்பவே பழகிக்கிறேன்னு."

உன் பேரை மட்டும்தான் கெடுத்தேன் என்று ஏழு வருஷமாக நினைத்திருந்தேன், மகனே.

அப்பா